வலையோடு வரும் நோய்

குபேர் அங்காடியின் மீன் பகுதியில் கடல் மீனுக்குத்தான் முதல் மரியாதை. வஞ்சிரமும் வவ்வாலும் சங்கராவும் நடுவில் அடுக்கியிருக்க, ஏரி மீன் விற்கும் பெண்கள் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அகன்ற பாத்திரங்களில் கொஞ்சம் தண்ணீர், அதில் உயிரோடு நெளியும் விரால், குரவை, கெளுத்தி. பக்கத்தில் ஈரச் சாக்கின் மேல் கட்லா, ரோகு, ஜிலேபி. நான் வந்தது இந்த ஓரத்தைத் தேடித்தான். புதுவைக்குப் போகிறேன் என்றதும் நண்பர்கள் கடற்கரைச் சாலையையும் ஆரோவில்லையும் சொன்னார்கள். என் மனம் ஊசுட்டேரியில் இருந்தது. ஏரி ஒன்று, அரசுகள் இரண்டு. ஒரு பகுதி புதுச்சேரி, மறு பகுதி தமிழ்நாடு. நன்னீர் மீன்களின் நோய்களைப் பற்றிச் சில காலமாகப் படித்துவந்த எனக்கு, அந்தக் கரையில் நின்று இதை யோசிக்க வேண்டும் என்று தோன்றியிருந்தது.

"விரால் வேணுமா தம்பி? குரவை நல்லா இருக்கு, பாரு" என்றார் ஓரத்தில் இருந்த அம்மா. வாங்க வரவில்லை, கேட்க வந்தேன் என்று சொன்னபோது முகம் சுளிக்காமல் ஒரு சாக்கை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். புண் விழுந்த மீன் வருமா என்று கேட்டேன்.

"மார்கழி, தை வந்தா வரும். மழைத் தண்ணி நின்னு குளிரு விழுந்தப்புறம் விரால்லயும் குரவையிலயும்தான் மொதல்ல தெரியும். செவப்பா ஒரு பொட்டு, அப்புறம் குழியா அரிச்சுடும். அத நான் எடுக்கறதே இல்ல. ஒண்ணு இருந்தாப் போதும், வாங்கறவங்க மொத்த கூடையையும் சந்தேகமாப் பாப்பாங்க."

பிறகு ஒரு கட்லாவை எடுத்துப் புரட்டினார். மார்புத் துடுப்பின் அடியில் நகத்தால் லேசாகக் கீறினார். பயறின் தோல்போலத் தட்டையாக, பச்சை கலந்த நிறத்தில் ஒன்று அவர் விரல்நுனியில் ஒட்டிக்கொண்டு நகர்ந்தது. மீன் பேன். கழுவினால் போய்விடும், குழம்பில் கொதித்தால் ஒன்றுமில்லை என்றார். அவர் சொன்னது சரி. மீனை நன்றாகச் சமைத்துத் தின்னும் நம் வழக்கம் நம்மைப் பெரிய ஆபத்திலிருந்து காத்துவந்திருக்கிறது. வடகிழக்குத் தாய்லாந்தில் பச்சை நன்னீர் மீனை மசாலா சேர்த்துத் தின்னும் பழக்கத்தால் கல்லீரல் தட்டைப்புழு லட்சக்கணக்கானவர்களின் பித்தநாளத்தில் குடியேறி, அங்கே பித்தநாளப் புற்றுநோய்க்குப் பெருங்காரணமாக இருக்கிறது. நம் அடுப்பு அந்த வழியை அடைத்துவிட்டது. அதனாலேயே, மீனுக்குள் இருப்பது நமக்கு வராது என்ற நிம்மதியில், மீனுக்கு என்ன ஆகிறது என்று நாம் கேட்காமலே இருந்துவிட்டோம்.

மீன் பேன் பூச்சி இனமில்லை, இறால் நண்டின் உறவு. வயிற்றுப் பக்கம் இரண்டு வட்ட உறிஞ்சிகள். அவற்றால் மீனின் தோலில் பற்றிக்கொண்டு, ஊசிபோன்ற வாயால் குத்தி, இரத்தத்தையும் வழவழப்பையும் உறிஞ்சும். ஒன்றிரண்டு இருந்தால் பெரிய மீன் தாங்கிக்கொள்ளும். நூற்றுக்கணக்கில் ஏறினால் மீன் கரையிலும் கல்லிலும் உடம்பைத் தேய்க்கும், இரையெடுக்காது, தேய்ந்த இடம் புண்ணாகும், புண்ணில் வேறு கிருமிகள் நுழையும். இந்தப் பேனின் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் பட்ட கட்டம் ஒன்று உண்டு. பெண் பேன் முட்டையிட மீனை விட்டு இறங்கிவிடும். தண்ணீருக்குள் இருக்கும் கல், மூங்கில், பலகை, செடித்தண்டு என்று கெட்டியான எதிலும் வரிசை வரிசையாக முட்டையை ஒட்டிவைக்கும். இந்த ஊரில் கழுவிய கூடையையும், அடுத்த ஏரியில் இறங்கும் படகின் அடிப்பலகையையும் அது வேறுபடுத்திப் பார்க்காது.

அந்த அம்மா சொன்ன மார்கழிப் புண்ணுக்கு வேறொரு வரலாறு இருக்கிறது. அதை உண்டாக்குவது அஃபனோமைசிஸ் இன்வாடன்ஸ் என்ற நீர்ப்பூசண உயிரி. பார்க்கப் பூஞ்சைபோல இருந்தாலும் பழுப்புக் கடற்பாசிகளுக்கு நெருங்கிய இனம் அது. 1971இல் ஜப்பானில் வளர்ப்பு மீன்களிலும் 1972இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் தென்பட்டது. பிறகு தென்கிழக்கு ஆசியா முழுவதும் பரவி, 1980களின் பிற்பகுதியில் இலங்கையை எட்டியது. 1988இல் வங்கதேசத்திலும், அதே ஆண்டில் அசாம், திரிபுரா, மேகாலயா ஆறுகளிலும் குளங்களிலும் மீன்கள் குழிப்புண்களோடு மிதந்தன. 1990களின் தொடக்கத்தில் கேரளத்தின் குட்டநாடு வரை வந்துவிட்டது. ஊருக்கு ஊர் மக்கள் மீன் வாங்கவே அஞ்சினார்கள். மனிதருக்கு அந்த நோய் தொற்றாது என்று அரசுகள் சொல்லிச் சொல்லிப் பார்த்தன. பிழைப்பை இழந்தவர்கள் குளத்து மீனை நம்பி வாழ்ந்த ஏழைகள்.

ஆசிய நாடுகள் பலவற்றில் எடுத்த மாதிரிகளை ஆய்வாளர்கள் பின்னர் ஒப்பிட்டபோது, அவை மரபளவில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருந்தன. ஒவ்வோர் ஊரிலும் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனித்தனியே வாழ்ந்த உயிரி என்றால் வேறுபாடுகள் சேர்ந்திருக்கும். ஒரே சாயலில் இருந்ததால், குறுகிய காலத்தில் ஓரிடத்திலிருந்து வேகமாகப் பரவியது என்ற முடிவுக்கு வந்தார்கள். இலங்கை ஒரு தீவு. ஒரு குளத்து நோய் தானாகக் கடல் கடந்து அங்கே போயிருக்க வழியில்லை. உயிர் மீன் வணிகத்தோடு ஏறிப் போயிருக்க வேண்டும் என்பதே வலுவான கணிப்பு. 2006-07இல் அது ஆப்பிரிக்காவின் சோபே, சாம்பேசி ஆறுகளிலும் வெடித்தது. பாசனக் குளத்துக்கும் காட்டாற்றுக்கும் அது வித்தியாசம் பார்க்கவில்லை.

அங்காடியிலிருந்து தாவரவியல் பூங்காவுக்கு நடந்து போகிற தூரம்தான். பூங்கா 1826இல் உருவானது. அதற்கும் பத்தாண்டு முன்பே, 1816இல், லெஷனோ த லா தூர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் புதுச்சேரிக்கு வந்திறங்கினார். செடிகொடிகளைச் சேகரிக்க வந்தவர், இந்தக் கரையிலும் சுற்றுவட்டார நீர்நிலைகளிலும் கிடைத்த மீன்களையும் சாராயத்தில் ஊறப்போட்டுப் பாரிசு அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். குவியேவும் வலென்சியேனும் 1828 முதல் வெளியிட்ட மீன்களின் பெரும் வரலாற்று நூலில் புதுச்சேரி என்ற பெயர் திரும்பத் திரும்ப வருவதற்கு அவர் அனுப்பிய சாடிகளும் ஒரு காரணம். மரநிழலில் உட்கார்ந்து நான் யோசித்தது அந்தச் சாடிகளை. மீனைப் பாடம் செய்யும்போது அதற்குள் இருக்கும் புழுவும் சேர்ந்தே பாடமாகிவிடுகிறது. இன்று ஒருவர் அந்த வயிற்றை மெல்லத் திறந்தால் இருநூறு ஆண்டுக்கு முந்தைய நம் ஏரிகளின் ஒட்டுண்ணிகளைப் பார்க்க முடியும்.

இது வெறும் ஆசைப் பேச்சில்லை. அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் 1880 முதல் 2019 வரை பிடித்து அருங்காட்சியகங்களில் வைத்திருந்த மீன்களை ஓர் ஆய்வுக்குழு இப்படித் திறந்து பார்த்து, 2023இல் முடிவை வெளியிட்டது. வாழ்நாளில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட உயிரினங்களில் மாறி மாறித் தங்க வேண்டிய ஒட்டுண்ணிகள் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 11 விழுக்காடு வீதம் குறைந்துகொண்டே வந்திருந்தன. கடல் சூடேறியதோடு அந்தச் சரிவு ஒத்துப்போனது. ஆய்வாளர்கள் இதைக் கண்டு மகிழவில்லை, கவலைப்பட்டார்கள். நத்தை, மீன், பறவை மூன்றும் இருந்தால்தான் பிழைக்கிற புழு ஒன்று ஓர் ஏரியில் இருக்கிறது என்றால், அந்த மூன்றும் அங்கே நலமாக இருக்கின்றன என்று பொருள். புழு காணாமல் போனால், சங்கிலியில் எங்கோ கண்ணி அறுந்திருக்கக்கூடும்.

இந்த எண்ணத்தோடுதான் பத்துக்கண்ணு போகும் பேருந்தில் ஏறினேன். நகரத்தை விட்டு மேற்கே பத்துக் கிலோமீட்டர்போல. கட்டடங்கள் விலகி, சாலைக்குப் பக்கத்தில் திடீரென்று தண்ணீர் விரிகிறது. சங்கராபரணி ஆற்றின் வெள்ளம் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக வந்து நிறையும் ஏரி இது. புதுவைப் பகுதியிலேயே மிகப் பெரியது. 2008இல் புதுச்சேரி அரசு தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. சில ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாடும் தன் பகுதியை அப்படியே அறிவித்தது. படகுத்துறையிலிருந்து பார்த்தால் எந்த நீர் யாருடையது என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை.

நான் போன வேளையில் நாமக்கோழிகள் கூட்டமாக மிதந்தன. நீர்க்காகங்கள் பட்டமரத்தில் சிறகை விரித்து உலர்த்தின. ஆழமில்லாத ஓரத்தில் சாம்பல் நாரை ஒன்று நெடுநேரம் அசையாமல் நின்று, ஒரு குத்தில் குரவைபோன்ற எதையோ தூக்கியது. பார்க்க அழகான இந்தக் காட்சிக்குள் ஒரு புழுவின் பயணம் முழுவதும் இருக்கிறது. கிளினோஸ்டோமம் என்ற தட்டைப்புழுவை எடுத்துக்கொள்வோம். நாரை, கொக்கு இவற்றின் வாயிலும் தொண்டையிலும் அது முதிர்ச்சி அடைகிறது. பறவை இரை தேடி அலகை நீருக்குள் விடும்போது முட்டைகள் தண்ணீரில் கலக்கின்றன. அதிலிருந்து வரும் இளம்புழு நத்தைக்குள் புகுந்து பெருகுகிறது. ஒரு நத்தையிலிருந்து ஆயிரக்கணக்கில் வாலுள்ள நுண்புழுக்கள் வெளியேறி நீந்தி, மீனின் தோலைத் துளைத்து உள்ளே போய், மஞ்சள் நிறக் கூட்டுக்குள் சுருண்டு காத்திருக்கின்றன. அந்த மீனை நாரை விழுங்கினால் சுற்று முடிகிறது. விராலையோ குரவையையோ ஆயும்போது சதையிலும் செவுளிலும் அரிசி அளவில் மஞ்சளாகத் தெரிந்தால் பெரும்பாலும் இந்த இனத்தின் வேலை.

இன்னொரு புழு, டிப்ளோஸ்டோமம், மீனின் கண்வில்லைக்குள் தங்கும். கூட்டமாகச் சேர்ந்தால் கண் புரை படர்ந்து வெளுக்கும். பார்வை மங்கிய மீன் மேல்மட்டத்திலேயே நீந்தும், பறவைக்கு எளிதில் சிக்கும். புழுவுக்கு வேண்டியதும் அதுதான். நத்தை தின்பதற்காகவே அலகு அமைந்த நத்தைகுத்தி நாரையை ஏரிக்கரையில் பார்த்தபோது, இது நத்தைகளைத் தின்று புழுவைக் குறைத்துவிடுமே என்று ஒரு கணம் மனம் துள்ளியது. ஆனால் அது விரும்பித் தின்பது பெரிய ஆப்பிள் நத்தையை. இப்படிப்பட்ட புழுக்களைப் பெரும்பாலும் சுமப்பவை பாசியிலும் இலையடியிலும் ஒட்டியிருக்கும் சின்ன நத்தைகள்.

இந்தப் புழுக்களை என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதுதான் என் பதில். நாரையை விரட்டியோ நத்தைக்கு மருந்தடித்தோ காப்பாற்ற வேண்டிய மீன் எதுவும் ஊசுட்டேரியில் இல்லை. மீனும் புழுவும் ஒன்றையொன்று அறிந்து நெடுங்காலம் வாழ்ந்தவை. சில மீன் சாகும், பல மீன் பிழைக்கும். கவனிக்க வேண்டியது ஏரியின் தண்ணீரை. கழிவுநீரும் வயலில் இட்ட உரமும் வந்து சேர்ந்தால் பாசி பெருகும், பாசியைத் தின்னும் நத்தை பெருகும், நத்தைக்குள் வளரும் புழுவும் பெருகும். கோடையில் நீர் சுருங்கி மீன்கள் ஒரே பள்ளத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும்போது ஒட்டுண்ணிக்கு வீடு வீடாகப் போகிற சிரமமும் இல்லை. அப்போது சமநிலை குலைகிறது.

அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் ஆற்றில் 2016 ஆகஸ்டில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. சிறுநீரகத்தைத் தாக்கும் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணியால் வெள்ளைமீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. அந்த ஆண்டு ஆற்றில் தண்ணீர் குறைவு, வெப்பம் அதிகம். மொன்டானா மாநில அரசு சுமார் 295 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றையே மூடியது. தூண்டில் போடவும் படகு விடவும் நீந்தவும் தடை. சுற்றுலாவை நம்பியிருந்த ஊர்களுக்குப் பெருநட்டம். ஆனாலும், மனிதர்களின் காலணியிலும் படகிலும் ஒட்டி அது அடுத்த ஆற்றுக்குப் போகக்கூடாது என்பதற்காக அந்த நட்டத்தை ஏற்றார்கள். நோய்வாய்ப்பட்ட ஆற்றுக்கு மருந்தென்று எதுவும் அவர்களிடம் இல்லை. நடமாட்டத்தை நிறுத்துவது ஒன்றே கையில் இருந்தது.

காட்டு மீன் நோயில் எனக்குப் புரிந்த மையம் இதுதான். வளர்ப்புக் குளத்தை வற்ற வைக்கலாம், சுண்ணாம்பு இடலாம், மருந்து விடலாம். புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் குழிப்புண் நோய்க்கென்றே சிஃபாக்ஸ் என்ற மருந்தை உருவாக்கியது. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழ நீருக்கு ஒரு லிட்டர் என்பது அதன் கணக்கு. பண்ணையாளர்கள் பலருக்கு அது கைகொடுத்தது. ஊசுட்டேரி அளவுள்ள நீர்ப்பரப்புக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் வேண்டும், அடுத்த மழையில் புதுவெள்ளம் வந்து அத்தனையையும் கழுவிவிடும். மீன் பேனுக்குப் பண்ணைகளில் தெளிக்கும் பூச்சிக்கொல்லியை ஏரியில் விட்டால் பேனோடு இறாலும் தும்பிக் குஞ்சும் சேர்ந்து சாகும், அவற்றைத் தின்னும் பறவை பட்டினி கிடக்கும். ஏரிக்குள் போய்விட்ட நோயைத் திரும்ப எடுக்க முடியாது. ஏரிக்கு வரும் வழியில்தான் அதை மறிக்க முடியும்.

நார்வே கொடுத்த விலை இன்னும் பெரிது. 1970களில், சுவீடனிலிருந்து வந்த சால்மன் குஞ்சுகளோடு கைரோடாக்டைலஸ் சலாரிஸ் என்ற அரை மில்லிமீட்டர் ஒட்டுண்ணி அந்நாட்டு ஆறுகளில் நுழைந்தது. பால்டிக் கடல் சால்மன்கள் அதோடு பழகியவை, அவற்றுக்குப் பெரிய தீங்கில்லை. நார்வேயின் அட்லாண்டிக் சால்மன்களுக்கு அது புதிது. குஞ்சுகள் ஆற்றுக்கு ஆறு அழிந்தன. ஐம்பது ஆறுகள்வரை பாதிக்கப்பட்டன. கடைசியில் அரசு எடுத்த முடிவு கேட்கவே மனம் கனக்கும். அந்தந்த ஆற்றின் சால்மன் வம்சத்தைத் தனியே காப்பகத்தில் பாதுகாத்துக்கொண்டு, ஆற்றில் ரோட்டினோன் என்ற நஞ்சை விட்டு மீன் அத்தனையையும் கொன்று, ஒட்டுண்ணி ஒழிந்தது உறுதியான பிறகு காப்பகத்து மீன்களைத் திரும்ப விட்டார்கள். குஞ்சு ஏற்றிவந்த வண்டிகளை ஆரம்பத்தில் சோதித்திருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிருக்காது.

நம் பக்கம் திரும்பிப் பார்த்தால், மீனை ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது நமக்கு ஒரு கொள்கையாகவே இருந்திருக்கிறது. ஜிலேபி என்று இன்று தமிழ்நாட்டுக் குளமெல்லாம் நிறைந்திருக்கும் மொசாம்பிக் திலாப்பியா 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்தது. புல்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும் 1959இல் வந்தன. பசி மிகுந்த காலம் அது. கொண்டுவந்தவர்களின் நோக்கத்தில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் உலகெங்கும் புல்கெண்டையோடு சேர்ந்து ஆசிய மீன் நாடாப்புழுவும் பயணம் போனது. குடலை அடைக்கும் அளவுக்கு வளரும் அந்தப் புழு இன்று பல கண்டங்களின் ஆற்று மீன்களில் இருக்கிறது. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று ஊர் ஊராக விட்ட கம்பூசியா மீனும் அதைச் சுமக்கும். இப்போது அதே வேலையைச் செய்வது வீட்டு மீன்தொட்டிகள். தொட்டி சுத்தம் செய்யும் மீன் என்று வாங்கி, பெரிதானதும் பாவம் பார்த்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கருணையோடு என்னென்ன இறங்குகிறது என்று விடுபவருக்குத் தெரியாது.

மாலையில் நகரம் திரும்பியபோது மனம் மீன் கழிவில் வந்து நின்றது. அங்காடி மூடும் வேளையில் குடலும் செவுளும் குவிந்து கிடக்கும் எந்த ஊர் மூலையிலும் நாய், காகம், கொக்கு மூன்றும் காத்திருக்கும். கழிவு வாய்க்காலில் சரிந்தால் வாய்க்கால் ஏதாவது ஒரு நீர்நிலையில் முடியும். இதை அற்ப விஷயம் என்று தள்ளிவிட முடியாதபடி சாட் நாட்டில் ஒரு பாடம் கிடைத்தது. நரம்புச்சிலந்தி நோயை நம் முந்தைய தலைமுறை அறியும். காலில் கொப்புளம் வெடித்து முழநீளப் புழு வெளிவரும் கொடுமை. கிணற்றையும் குடிநீரையும் காத்து இந்தியா அதை ஒழித்தது. கடைசி நோயாளி 1996இல், உலக சுகாதார நிறுவனத்தின் சான்று 2000இல். சாட் நாட்டில் ஒழிந்ததாக நினைத்த அதே புழு 2010இல் தலைகாட்டியது, 2012 முதல் நாய்களில் ஏராளமாக வரத் தொடங்கியது. ஆற்றுமீனின் குடலை நாய் தின்பதே அதற்கு வழியாக இருக்கலாம் என்று கண்டார்கள். அங்கே கிராமம் கிராமமாகச் சொல்லப்படும் செய்தி எளிமையானது. மீன் குடலைக் குழிதோண்டிப் புதையுங்கள், நாயைக் கட்டிவையுங்கள், மீனை நன்றாகச் சமையுங்கள். நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975 முதல் இயங்கும் புதுச்சேரியின் ஊர்க்காரர்களுக்கு, நோயை அது கடக்கும் வழியில் மறிக்கும் யோசனை புதிதில்லை. கொசுவிடம் செய்ததை மீன் கழிவிடமும் செய்யலாம்.

மறுநாள் காலை பாகூர் போனேன். கடலூர்ச் சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் நெல்வயல்கள் கண்ணுக்கெட்டும் தூரம்வரை பரந்து கிடந்தன. பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலச் செப்பேடு ஒன்று இங்கே நடந்த கல்விச்சாலைக்குக் கொடுத்த தானத்தைச் சொல்கிறது. அவ்வளவு பழைய ஊர், அவ்வளவுக்கும் ஆதாரம் ஏரிநீர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்தப் பகுதி ஏரிகளுக்குப் பாசன விவசாயிகளின் சங்கமும், எல்லோரும் பங்கு போட்ட பொது நிதியும் இருந்தன. மதகு பழுதானால் அரசு வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. 1990களின் இறுதியில் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு புதுவையின் ஏரிகளைச் சீரமைத்தபோது இதே போன்ற சங்கங்களுக்கு மறுபடி உயிர் கொடுக்க முயன்றார்கள். மீன் நோயைப் பற்றிய பேச்சும் அந்தச் சங்கங்களுக்குள் வர வேண்டும் என்பது என் ஆசை.

கரையில் வேப்பமர நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் பக்கத்துக் கிராமத்து ஏரியில் மீன் குத்தகையில் பங்கு வைத்திருப்பவர். குஞ்சு எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டேன்.

"வண்டில வரும் தம்பி. ஆக்சிஜன் பையில கட்டி எடுத்தாருவாங்க. எந்தப் பண்ணைன்னு நாங்க கேக்கறதில்ல. பை உடையாம இருக்கா, குஞ்சு துள்ளுதா, அவ்ளோதான். பையோட தண்ணியோட அப்படியே ஏரியில சாச்சுடுவோம்."

"வலைங்கய்யா?"

"வலை இங்க ஒரு நாளு, அங்க ஒரு நாளு. கூலிக்கு இழுக்கறவங்க ஒரே வலையத்தான் நாலு ஊருக்கும் எடுத்துட்டுப் போவாங்க. ஈரத்தோட சுருட்டி வண்டில போட்டா அடுத்த ஊரு."

படித்ததையெல்லாம் அவரிடம் கொட்டாமல், கேட்கக் கேட்கச் சொன்னேன். குஞ்சைப் பண்ணையின் பெயர் கேட்டு வாங்குவது. இறக்கும் நாளில் நாலு குஞ்சை வெள்ளைத் தட்டில் விட்டு, பேன், தோலில் நூல்போலத் தொங்கும் நங்கூரப் புழு, வெண்புள்ளி, கலங்கிய கண் இருக்கிறதா என்று பார்ப்பது. பைத் தண்ணீரை ஏரியில் ஊற்றாமல் தரையில் கொட்டுவது. முடிந்தால் குஞ்சுகளைத் தனிக்குட்டையில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்து விடுவது. உப்புக் கரைசலில் சில நிமிடம் முக்கியெடுத்தால் தோல்மேல் இருப்பவை பல உதிரும், ஆனால் குடலுக்குள் இருப்பது அப்படியேதான் இருக்கும் என்பதையும் சொன்னேன். வலையை மொறமொறவென்று காயவைத்த பிறகே அடுத்த நீர்நிலையில் இறக்குவது. பேன் முட்டைக்கும் நீர்ப்பூசண வித்துக்கும் உலர்தல் எமன். இங்கிலாந்தில் தூண்டில்காரர்களிடம் பார், கழுவு, உலர்த்து என்று 2011 முதல் பிரசாரம் செய்கிறார்கள். அங்கே ஒரு வலை காய நாள் கணக்கில் ஆகும், நமக்குச் சித்திரை வெயில் ஒரு பகலில் முடித்துக் கொடுத்துவிடும். செத்த மீன் மிதந்தால் மீன்துறைக்குச் சொல்வது. 2023இல் ஒன்றிய அரசு மீன் நோயைத் தெரிவிக்கவென்றே ஒரு கைப்பேசிச் செயலியை வெளியிட்டிருக்கிறது. பண்ணையாளர்களை மனத்தில் வைத்துச் செய்தது அது. ஏரி மீனுக்காகவும் அதைப் பயன்படுத்தும் பழக்கம் வர வேண்டும்.

அவர் ஊசியை வலையில் குத்தி நிறுத்திவிட்டுக் கேட்டார். "கொக்கு கொண்டாற்ற புழுவுக்கு என்ன பண்றது?"

"அத விட்டுடுங்கய்யா. அது என்னைக்கும் இருந்ததுதான்."

"அப்போ வண்டில வர்றதையும் வலையில வர்றதையும் பாத்துக்கணும்." கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க ஏரி சரி. மேல இருக்கற ஏரிக்காரன் இதெல்லாம் செய்யலன்னா? அங்க ரொம்புனாத்தான தண்ணி இங்க வருது."

அந்தக் கேள்விக்கு என்னிடம் தனியாகப் பதில் இல்லை. ஊசுட்டேரிக் கரையில் எனக்குள் எழுந்த கேள்வியும் அதுவேதான், அங்கே ஏரிக்காரர்களுக்குப் பதில் இரண்டு அரசுகள். சங்கத்தில் பேசலாமா என்றேன். சங்கம் கூடி நாளாச்சு என்றார். மேல் ஏரியில் குத்தகை எடுத்திருப்பவர் அவருடைய மச்சான் முறை. அடுத்த குஞ்சு வண்டியை இருவரும் சேர்ந்தே ஒரே பண்ணையிலிருந்து வரவழைத்தால் வண்டி வாடகையும் குறையும், குஞ்சையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம் என்று அவரே கணக்குப் போட்டார். சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, எண்ணைத் தேடித் தரச் சொல்லி என்னிடம் நீட்டினார்.